தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் மூன்றுக்குக் காசு போவது ஏன்?

வாசகர் கேள்வி:

ஐயா, விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்களிடம் பால் ஊற்றுகிறவர்களில் 46 பேர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் கிடையாது. அதனால் தினமும் காலைக் கணக்கை அவரவருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிறேன். என் பிளானில் நாளைக்கு 100 எஸ்எம்எஸ் உண்டு. 46 பேருக்கு 46 தானே? ஆனால் முப்பத்துச் சொச்சம் பேருக்குப் போனதுமே 100 தீர்ந்துவிட்டது என்று வருகிறது. அப்புறம் மெயின் பேலன்ஸில் பிடிக்கிறார்கள். 100 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் இரண்டு நாள்தான் வருகிறது. ரீசார்ஜ் கடைத் தம்பி பெரிய பிளான் போடச் சொல்கிறார். போடலாமா, இல்லை வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா? நான் அனுப்பும் செய்தி இதுதான் (எஸ்என்எப் என்றால் பாலில் கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்து):

"வணக்கம். இன்று காலை நீங்கள் ஊற்றிய பால் 6.5 லிட்டர். கொழுப்பு 4.2, எஸ்என்எப் 8.1. இந்த வாரப் பணம் சனிக்கிழமை வழங்கப்படும். நன்றி. சங்கச் செயலாளர்."

இன்னொன்று. என் மாமியாருக்குப் பையனுடைய பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்து, பணம் அனுப்பும் ஆப் போட்டுக் கொடுக்கப் பார்த்தோம். 'எஸ்எம்எஸ் அனுப்ப முடியவில்லை' என்று அங்கேயே நிற்கிறது. அவருக்கு வங்கியும் எஸ்எம்எஸ் கட்டணம் என்று பிடிக்கிறது. இதெல்லாம் ஒரே காசா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்தியை அப்படியே எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அது இல்லாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. நான் பல வருடம் தொலைபேசி பில்லிங் பிரிவில் வேலை பார்த்தவன். "ஒன்றுதானே அனுப்பினேன், மூன்றுக்கு ஏன் பிடித்தீர்கள்" என்ற புகார் அங்கே ஓயாமல் வரும். பெரும்பாலும் தமிழில் எழுதுகிறவர்களிடமிருந்துதான் வரும்.

நீங்கள் அனுப்புவது ஒரு செய்திதான், ஆனால் கம்பெனியின் கணக்கில் அது மூன்று எஸ்எம்எஸ். பிளானில் சொல்கிற '100' என்பது செய்திகளின் எண்ணிக்கை அல்ல, துண்டுகளின் எண்ணிக்கை. அந்தத் துண்டு எப்படிக் கணக்காகிறது என்று பார்த்துவிட்டால் உங்கள் செலவு இன்றைக்கே நின்றுவிடும். பெரிய பிளான் வேண்டாம், கம்பெனியும் மாற வேண்டாம்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் அளவுக்குத்தான் இடம். ஒரு பைட் என்பது 8 பிட். போன் கால் போடும்போது 'மணி அடி, இணைப்புக் கொடு' என்று கோபுரங்களும் எக்ஸ்சேஞ்சுகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு தனித் தடம் உண்டு. எஸ்எம்எஸ்ஸை அந்தத் தடத்தில்தான் ஏற்றினார்கள், அதனால் அளவு சின்னது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் அந்த 140 பைட்டில் 160 எழுத்து அடங்கும். 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் உலகத்தின் முதல் எஸ்எம்எஸ் போனபோது யாரும் தமிழை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் போகிறது. ஆக 160 இருந்த இடத்தில் 70தான்.

அந்த 70கூட நம் கண்ணுக்குத் தெரியும் 70 எழுத்து அல்ல. 'நீங்கள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நான்கு எழுத்து. போனுக்கு அது ஏழு: ந, ஈகாரக் குறி, ங, புள்ளி, க, ள, இன்னொரு புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். 'கொழுப்பு' நமக்கு நான்கு, போனுக்கு எட்டு.

உங்கள் செய்தியை இப்படி எண்ணிப் பார்த்தேன். இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 146 வருகிறது. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டானதும், 'இது மூன்றில் முதலாவது' என்பதுபோல ஒரு சீட்டு ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஏறும். அந்தச் சீட்டுக்கு மூன்று இடம் போய்விடுவதால் துண்டுக்கு 67தான் மிச்சம். இரண்டு துண்டுக்கு 134. உங்களுடையது அதைவிடப் 12 அதிகம், அதனால் மூன்றாவது துண்டு. வாங்குகிறவர் போன் மூன்றையும் ஒட்டவைத்து ஒரே செய்தியாகக் காட்டிவிடும், அதனால் இரண்டு பக்கமும் யாருக்கும் சந்தேகம் வராது.

33 பேருக்கு அனுப்பும்போதே 99 ஆகிவிடுகிறது. 46 பேருக்கு 138. பிளானுக்கு மேல் போன 38 துண்டுக்குக் காசு. பல பிளான்களில் 100க்கு மேல் உள்ளூர் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 1 ரூபாய், வெளி மாநிலத்துக்கு 1.50 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். நாளைக்கு 38 ரூபாய், மாதத்துக்கு 1,140 ரூபாய். அதோடு நிற்கவில்லை. 100 ரூபாய் டாப்-அப்பில் ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் போக உங்கள் கணக்கில் ஏறுவது 81.75தான். இரண்டு நாளில் 76 ரூபாய் போனது போக ஐந்து ரூபாய்ச் சொச்சம் மிஞ்சும். நீங்கள் சொன்ன 'இரண்டு நாள்' இதுதான். கைக்காசாகப் பார்த்தால் மாதம் கிட்டத்தட்ட 1,400 ரூபாய். ஒரு கிராமச் சங்கத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. இதை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"காலை பால் 6.5 லி. கொழுப்பு 4.2 எஸ்என்எப் 8.1 பணம் சனி நன்றி"

மொத்தம் 59. ஒரே துண்டு. சொல்ல வேண்டியது எதுவும் விடுபடவில்லை, நன்றிக்கும் இடம் இருக்கிறது. 'லிட்டர்' ஏழு இடம் பிடிக்கும், 'லி.' என்றால் மூன்று. 'சனிக்கிழமை' பத்து, 'சனி' மூன்று. 'வழங்கப்படும்' ஒன்றே பன்னிரண்டு இடம். தினமும் ஒரே எண்ணிலிருந்து வருவதால் யார் அனுப்பியது என்று அவர்களுக்குத் தெரியும், 'சங்கச் செயலாளர்' தேவையில்லை. 46 பேருக்கு 46தான் ஆகும். மாலைப் பாலுக்கும் இதேபோல அனுப்பினால்கூட 92, அப்போதும் 100க்குள்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புங்கள், 160 கிடைக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கணக்குப்படி அது சரி. ஆனால் விடியற்காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டுப் போகிறவர் தன் கணக்கைத் தானே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தானே இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்? தமிழிலேயே அனுப்புங்கள், சுருக்கமாக அனுப்புங்கள்.

எண்ணிக்கையை நீங்கள் கையால் எண்ண வேண்டாம். பட்டன் போனில் எழுதும்போது திரையின் மேல் ஓரத்தில் 70/1 போல ஒன்று தெரியும். முதல் எண் மிச்ச இடம், இரண்டாவது எத்தனையாவது துண்டு. ஸ்மார்ட்போனில் கூகுள் மெசேஜஸ் என்றால் இடம் தீரப்போகும்போது அனுப்பும் பொத்தான் பக்கத்தில் அதேபோல வரும். இரண்டாவது எண் 2 ஆனால் உடனே நிறுத்தி ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஸ்மார்ட்போனிலிருந்து 46 பேரையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து அறிவிப்பு ஏதாவது அனுப்புவதாக இருந்தால், மெசேஜஸ் அமைப்புகளில் குழுச் செய்தி என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'எல்லோருக்கும் தனித்தனி எஸ்எம்எஸ்' என்பது தேர்வாகியிருக்க வேண்டும். எம்எம்எஸ் (படமெல்லாம் அனுப்பும் வகை) என்று இருந்தால் அது 100 கணக்கிலேயே சேராது, தனிக் கட்டணம். செய்தி ரொம்ப நீளமாகப் போனாலும் சில போன்கள் கேட்காமலேயே அதை எம்எம்எஸ் ஆக்கிவிடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் எழுதுகிற எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, சிரிக்கும் பொம்மையோ, ₹ குறியோ வந்தால் போதும், முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். 100 எழுத்தில் ஒரே துண்டாகப் போக வேண்டியது, அந்த ₹ குறியால் இரண்டாகிவிடும். வாடகை, சீட்டுப் பணம் என்று எழுதுகிறவர்கள் ₹ போடாமல் 'ரூ' என்பதை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

சரி, பிளானுக்கு வருவோம். கடைத் தம்பி சொல்வது உங்களுக்கு உதவாது. விலை கூடக் கூட டேட்டா கூடும், நாள் கூடும். எஸ்எம்எஸ் பெரும்பாலும் அதே 100தான். இந்த 100 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. விளம்பரத் தொல்லையைத் தடுக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011 செப்டம்பரில் ஒரு சிம்மிலிருந்து நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று கட்டுப்பாடு போட்டது. எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் நவம்பரில் 200 ஆக்கியது. சாதாரண மக்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திக்கு இப்படி வரம்பு போடக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012 ஜூலையில் சொன்னது. அப்புறம் டிராய் வேறு வழி பிடித்தது. 100க்கு மேல் போகும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா வாங்க வேண்டும் என்று அதே வருடம் உத்தரவு போட்டது. 2020இல் அந்த 50 பைசா விதியையும் எடுத்துவிட்டது. ஆக, இன்றைக்கு 100 என்பது சட்டம் இல்லை, கம்பெனிகளின் வழக்கம். 200 கொடுக்க நினைத்தால் நாளைக்கே கொடுக்கலாம், தடுப்பார் யாரும் இல்லை.

எனக்கு ஆற்றாமை அதில்தான். ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் இன்னொரு கம்பெனி எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், கொண்டுசேர்ப்பதற்காக முதல் கம்பெனி இரண்டாவதுக்குக் கொடுக்க வேண்டியது 2 பைசா என்று டிராய் 2013இல் நிர்ணயித்தது. கம்பெனிகளுக்குள் 2 பைசாவுக்குக் கைமாறுகிற ஒன்றுக்கு உங்களிடம் 1 ரூபாய் வாங்குகிறார்கள். அதுவும் தமிழில் எழுதினால் மூன்று ரூபாய். அதே சேதியை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஒன்றில் முடிந்திருக்கும். தாய்மொழியில் கணக்கு எழுதுவதற்கு இப்படி ஒரு தண்டம் எந்தப் பிளான் அட்டையிலும் அச்சாகியிருப்பதில்லை. இதற்குத் தொழில்நுட்பத்தில் வழி இல்லாமலும் இல்லை. எஸ்எம்எஸ்ஸுக்கான உலகத் தரத்தில் தமிழுக்கென்றே ஒரு 7 பிட் அட்டவணை பல வருடமாக இருக்கிறது. அதன்படி அனுப்பினால் ஒரே எஸ்எம்எஸ்ஸில் 150க்கும் மேல் அடங்கும். உங்களுடைய அந்த 146 அப்படியே ஒன்றில் போயிருக்கும். நம் கையில் இருக்கும் போன்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. போன்களில் அது வரும்வரை கம்பெனிகள் ஒன்று செய்யலாம்: இந்திய மொழிச் செய்தி எத்தனை துண்டானாலும் ஒன்று என்று எண்ணலாம். இதை டிராயிடம் கேட்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

கம்பெனி மாறுவதால் இந்த 70 மாறாது, எங்கே போனாலும் அதே அளவுதான். சிக்னல் சரியில்லை என்பது போன்ற வேறு காரணம் இருந்தால் மாறுங்கள். அப்போது, அதே எண்ணோடு கம்பெனி மாற 1900 எண்ணுக்கு அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ்ஸை 'உங்கள் பிளானில் எஸ்எம்எஸ் இல்லை' என்று தடுக்கக்கூடாது, எந்தப் பிளானாக இருந்தாலும் அனுமதிக்க வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

இப்போது பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் என்று டேட்டா இல்லாத பிளான்கள் வருகின்றன. 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தால் வந்தவை அவை. நல்ல விஷயம்தான், ஆனால் உங்களுக்கு ஆகாது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 469 ரூபாய்க்கு 84 நாள் கொடுத்தபோது அதில் இருந்த எஸ்எம்எஸ் மொத்தமே 900. ஜியோ 448 ரூபாய்க்கு அதே 84 நாள், 1,000 எஸ்எம்எஸ். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், போடும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 'நாளைக்கு 100' என்று இருக்கிறதா, 'மொத்தம் இத்தனை' என்று இருக்கிறதா? தினம் 46 அனுப்பும் உங்களுக்கு 900 என்பது இருபதாம் நாள் தீர்ந்துவிடும். நீங்கள் நாளைக்கு 100 உள்ள பிளானிலேயே இருங்கள், அதில் விலை குறைந்தது எதுவோ அதைப் போடுங்கள்.

பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கிடைக்காது. அவர்கள் விதிப்படிதான் பிடித்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் விவரமான உபயோகப் பட்டியல் கேட்டு வாங்கலாம், கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ளதற்கு. அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்பது விதி. அதில் நீங்கள் கேட்காத பாட்டு, ஜோசியம் மாதிரி சேவை ஏதாவது ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தால் 155223 என்ற எண்ணில் நிறுத்தச் சொல்லலாம், அது கட்டணமில்லாத எண். தவறாகப் பிடித்திருந்தால் 198இல் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சொந்த சிம்மிலிருந்து பலருக்கு ஒரே மாதிரி செய்தி அனுப்பும்போது, அதை விளம்பரத் தொல்லை என்று யாராவது 1909இல் புகார் செய்ய வாய்ப்பு இருக்கிறது. 2025இல் விதியை இறுக்கியிருக்கிறார்கள், பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். பால் கணக்கை யாரும் தொல்லை என்று நினைக்க மாட்டார்கள். ஆனாலும் 46 பேரிடமும் 'எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம்' என்று சங்கக் குறிப்பேட்டில் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். தீவன விற்பனை, கடன் திட்டம் போன்ற அறிவிப்புகளை அந்த சிம்மிலிருந்து அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆட்களின் எண்ணிக்கை கூடி, சங்கமே முறைப்படி அனுப்ப நினைத்தால் டிஎல்டி என்ற, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கான பதிவேட்டில் பதிவு செய்து, அனுப்புகிறவர் பெயராகத் தெரியும் தலைப்புக்கும் செய்தி மாதிரிக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, மொத்த எஸ்எம்எஸ்ஸிலும் தமிழுக்கு இதே 70 கணக்குத்தான். 46 பேருக்கு இப்போது அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இனி மாமியார் போன். ஆப்பில் வங்கிக் கணக்கை இணைக்கும்போது, 'இந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது' என்று உறுதிப்படுத்த அந்த ஆப் தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது வருகிற எஸ்எம்எஸ் அல்ல, போகிற எஸ்எம்எஸ். அவருடைய பிளானில் எஸ்எம்எஸ் இல்லாமல், மெயின் பேலன்ஸும் பூஜ்யமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். போனில் கோளாறு இல்லை. 10 ரூபாய் டாப்-அப் போடுங்கள், 7.47 ஏறும், அதுவே போதும். போனில் இரண்டு சிம் இருந்தால் வங்கியில் கொடுத்த எண் உள்ள சிம்மைத்தான் ஆப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிக்கடி டேட்டா பயன்படுத்தாதவர் என்றால் நான் மேலே உங்களுக்கு வேண்டாம் என்று சொன்ன அந்தப் பேச்சு-எஸ்எம்எஸ் பிளான் அவருக்குப் பொருந்தும். ஆனால் பணம் அனுப்பும் ஆப் இயங்கக் கொஞ்சம் டேட்டா வேண்டும். வீட்டில் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

வங்கி பிடிப்பது வேறு காசு. கணக்கில் பணம் வந்தது, போனது என்று வங்கி அனுப்பும் தகவலுக்கு வங்கி வாங்குவது அது, போன் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்று எல்லோரிடமும் ஒரே தொகையாகப் பிடிக்காமல், உண்மையில் அனுப்பிய எஸ்எம்எஸ் அளவுக்கே வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மாமியார் கணக்கில் மாதத்துக்கு இரண்டு மூன்று வரவு செலவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு கிளைக்குப் போங்கள். பிடித்த தொகையைக் காட்டி, எத்தனை எஸ்எம்எஸ்ஸுக்கு இது என்று எழுத்தில் கேளுங்கள். காசு மிச்சம் என்று எஸ்எம்எஸ் தகவலையே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். கணக்கிலிருந்து யாராவது பணம் எடுத்தால் அவருக்கு உடனே தெரிய அதுதான் எளிய வழி.